ஆத்மநாதன், ஓய்வு, வல்லத்திராக்கோட்டை

திருமயம்,
புதன்கிழமை, காலை ஒன்பதே கால். நல்ல நேரம் பார்த்துத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் பேரோடும் புகழோடும் இருக்கிற என் அக்காள் மகன் மாப்பிள்ளை சந்தோஷ்குமாருக்கு, திருமயம் ரெங்கா அச்சகம் ரெங்கசாமி மாமன் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கு நான், உன் அத்தை ராசாத்தி, கல்யாணப் பெண் பிரகதீஸ்வரி, கடைக் கம்ப்யூட்டர், அதற்குள் குடியிருக்கும் உன் சாப்ட்வேர் ஆகிய ஐவரும் சௌக்கியம். அங்கு நீயும் உன் லேப்டாப்பும் சௌக்கியமாக இருக்கக் கோட்டை பைரவரை வேண்டிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. போன தடவை போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது என்று உன் அத்தை இரண்டு நாள் புலம்பினாள்.

இந்தக் காலத்தில் மாமன் எதற்குக் கடிதாசி எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் ஒட்டுக்கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஊருக்கே ஃபார்வர்டு ஆகிறது, மெயில் அனுப்பினால் அது எங்கே போகிறது என்று அனுப்புகிறவனுக்கே தெரிவதில்லை. கடிதத்தை மட்டும் இதுவரை ஒருவனும் ஹேக் செய்ததில்லை. கவரை மைதாப் பசையால் ஒட்டி, ஓரத்தில் மூன்று ஸ்டேப்ளர் அடித்து, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்தும் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் கையெழுத்தே கொஞ்சம் கோணல்தான், அதையும் கழித்துக்கொண்டு பார்.

விஷயம் இரண்டு. முதல் விஷயம், உன் சாப்ட்வேரைக் கீரனூர் இன்னாசி உடைத்துவிட்டான். பதறாதே. கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுக்கோட்டையில் எங்கள் அச்சகத்தார் சங்கக் கூட்டம். அதில் அவனை நிறுத்திவைத்துக் கேட்கப் போகிறேன். நீ லேப்டாப்போடு வந்து, இது என் புரோகிராம்தான், இதை உடைத்திருக்கிறார்கள் என்று நாலு இங்கிலீஷ் வார்த்தை கலந்து சொன்னால் போதும். நிரூபிக்க முடியாவிட்டால் சாப்ட்வேரின் சாவியைச் சங்கத்து மேஜை மேல் வைத்துவிட்டு, இனிமேல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுப்பதாகப் போன கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

இரண்டாவது விஷயம் அதைவிடப் பெரியது. இதோடு பிரகதீஸ்வரியின் கல்யாணப் பத்திரிகையை வைத்து அனுப்புகிறேன். முதல் வரியில் உன் பேர் இருக்கும். உன் அம்மா, என் அக்கா சொர்ணவல்லி, என்னோடு பேசி எட்டு மாதமாகிறது. பொண்ணை உனக்குக் கொடுக்காமல் அசலில் கொடுக்கிறேன் என்று கோபம். "மாமா, நாங்க அண்ணன் தங்கச்சி மாதிரி வளந்துட்டோம், எங்கள விட்டுருங்க" என்று நீயும் பிரகதீஸ்வரியும் சேர்ந்து வந்து சொன்னதை நான் எத்தனை தடவை எடுத்துச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. நான்தான் உன் வாயில் அந்த வார்த்தையைத் திணித்தேன் என்கிறாள். போகட்டும். பத்திரிகையின் முதல் வரியில் அத்தை மகன் என்ற முறையோடு உன் பேரைப் பார்த்தால் அவள் மனசு இளகிவிடும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. மணவறையில் அவள் வந்து நிற்காமல் என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை என்னால் பார்க்க முடியாது. அந்த ஒரு வரியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இன்னாசி கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நீ தட்டுத்தடுமாறாமல் சொல்ல வேண்டுமே, அதனால் ஆதியிலிருந்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை முகூர்த்த நேரம் தெரிந்துகொள்ள அடிப்பதில்லை. யார் பேர் எந்த வரியில், யாருக்குப் பக்கத்தில், யாருக்குக் கீழே என்று பார்ப்பதற்கே அடிப்பது. தாய்மாமன் பேர் சித்தப்பாவுக்குக் கீழே போனால் சீர்த்தட்டு வாசலோடு நின்றுவிடும். மூத்த மருமகன் சும்மா இருந்து இளைய மருமகன் வாத்தியாராக இருந்தால் யார் முதலில்? பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை ஒரே வரியில் போடலாமா, நடுவில் ஒரு மைத்துனரை வைத்துப் பிரிக்கலாமா? நான் என் கையாலேயே வரிசை போட்ட காலத்தில், ஒரு பெரியப்பா மூன்றாவது வரிக்குப் போய்விட்டார் என்று முகூர்த்தத்துக்கு முதல் நாள் கோபித்துக்கொண்டு கிளம்பினார். தனியாகப் போயிருந்தால் பரவாயில்லை. சமையல்காரர் அவருக்குச் சொந்தம். அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான் நீ தீபாவளி லீவில் வந்து பதினோரு நாள் உட்கார்ந்து இந்தச் சாப்ட்வேரை எழுதினாய். உன் அத்தை அடுப்படியில் இருந்தபடியே இருநூற்றுப் பதினான்கு விதி சொன்னாள், நீ டைப் அடித்தாய். உறவுமுறையை உள்ளே கொடுத்தால் வரிசை வெளியே வரும். ஒரு வரிக்கு ஆறு பேர். ஏழாவதாக ஒரு பெரியவர் வந்துவிட்டால் அந்த வரியில் வயதில் சின்னவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கடைசியில் இருக்கும் 'மற்றும் உற்றார் உறவினர்கள்' என்பதில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இது உன் அத்தை சொன்ன முதல் விதி. "பஸ்ஸுலயே எந்திரிச்சு எடம் குடுக்குறோம், பத்திரிகையில குடுக்க மாட்டோமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நம் கடைப் பத்திரிகையால் ஒரு கல்யாணத்தில்கூட ஒரு பந்தி நின்றதில்லை. கீரனூரிலிருந்தும் வல்லத்திராக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து அடித்தார்கள். "ரெங்கசாமி அண்ணன் போட்ட வரிசையா? அப்பச் சரி" என்று பெரிய பெரிய மீசைகள் எல்லாம் அடங்கிப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாப்ட்வேர் மட்டும் இல்லை, நம் சேவையும் ஒரு காரணம். பத்திரிகை வேலையை நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஆனால் பஸ் நல்ல நேரம் பார்த்து வருவதில்லையே. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறவர்கள் இறங்கும்போது சரியாக ராகு காலம் ஆகியிருக்கும். மற்ற கடைக்காரன் என்றால் உட்காரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் காக்கவைப்பான். நான் கம்ப்யூட்டரின் மூலையில் இருக்கும் கடிகாரத்தை ஒன்பதே முக்காலுக்குத் தள்ளிவைத்து, "பாத்துக்கங்க, நல்ல நேரம்" என்று காட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவேன். பத்திரிகைக்குத் தெரியப்போவது கம்ப்யூட்டரின் மணிதானே? எல்லாருக்கும் பரம திருப்தி.

இப்படி ராஜாவாக இருந்தபோதுதான் இன்னாசி கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டிஜிட்டல் மெஷின் போட்டுக் கடை திறந்தான். தங்க எழுத்து, மயில், வாசனைக் காகிதம் என்று ஆரம்பித்தான். மயில் அடிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அவன் அடித்த பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் வரிசை அச்சு அசலாக நம் வரிசை. அண்ணன் தம்பி நடுவில் மைத்துனர்கூட இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் பொங்கலுக்கு வந்த உன்னிடம் பூட்டுப் போடச் சொன்னேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மாமா, எந்தப் புரோகிராமையும் முழுசாப் பூட்ட முடியாது. ஒருத்தன் ஒக்காந்து பிரிச்சே தீருவேன்னா பிரிச்சுருவான். அவனுக்கு அலுப்பு வர்ற மாதிரிதான் நம்ம பண்ண முடியும்" என்றாய். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கோட்டை இருக்கிற ஊர்க்காரனிடம் பேசுகிற பேச்சா அது?

நான் விடாததால் மூன்று பூட்டுப் போட்டாய். முதல் பூட்டு, பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி. அதைச் சொருகினால்தான் சாப்ட்வேர் வாயைத் திறக்கும். இரண்டாவது பூட்டு, உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் கலைத்துப் போட்டாய், பிரித்துப் பார்த்தாலும் தலையும் புரியாது வாலும் புரியாது. மூன்றாவது பூட்டுதான் என் மனசுக்குப் பிடித்தது. யாராவது உள்ளே கைவைத்தால் சாப்ட்வேர் நின்றுபோகக் கூடாது, நின்றால் திருடன் உஷாராகிவிடுவான். ஒன்றும் தெரியாதது போல வேலை செய்துகொண்டே, முதல் வரியில் ஒரு பொய்ப் பேரைச் சேர்த்துவிட வேண்டும். அந்தப் பேர் எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அது திருட்டுப் பத்திரிகை.

பேரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். 'திரு. ஆத்மநாதன், ஓய்வு, வல்லத்திராக்கோட்டை.' எதிலிருந்து ஓய்வு என்று போடவில்லை, அதில்தான் நுட்பம் இருக்கிறது. ஓய்வு என்று இருந்தால் பெரிய உத்தியோகம் என்று அவரவரே நினைத்துக்கொள்வார்கள். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைப்பார்கள். இவர் யார் என்று வாயைத் திறந்து கேட்க நம் ஊரில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? கேட்டால் முறை தெரியாதவன் என்று ஆகிவிடுமே. இந்த யோசனையைக் கேட்டு நீயே வாயைப் பிளந்தாய்.

சாவியை நான் அரைஞாண் கயிற்றில் கட்டிவைத்திருக்கிறேன். குளிக்கும்போது மட்டும் பல்லில் கடித்துக்கொள்வேன். கடையில் டைப் அடிக்கிற அன்புமொழி நல்ல பெண்தான், இருந்தாலும் சாவியை அவளிடம் கொடுப்பதில்லை. சொருகும் ஓட்டை கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருப்பதால், ஒவ்வொரு பத்திரிகைக்கும் நான் மேஜையை ஒட்டி, திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கிறது. ஒருத்தர் உள்ளே வந்து, "என்னண்ணே, ஒங்களுக்கு சார்ஜ் ஏத்துறாங்களா?" என்று கேட்டார். இன்னொரு நாள் சங்கத் தலைவர் வந்தார், மரியாதைக்குச் சட்டென்று திரும்பிக் கும்பிட்டேன், கம்ப்யூட்டரும் என்னோடு சேர்ந்து திரும்பிக் கீழே விழுந்தது. ஒரு மூலை நசுங்கியதோடு சரி. சாப்ட்வேருக்கு ஒரு கீறல் இல்லை. திரையில் வருகிற பேர்களைப் பற்றி யாரிடமும், என்னிடமும்கூட, வாயே திறக்கக் கூடாது என்று அன்புமொழியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பேர் வாய்க்கு வந்தால் வரிசையும் வாய்க்கு வரும், வரிசை வாய்க்கு வந்தால் ரகசியம் பஸ் ஏறிவிடும். நீ எழுதிக் கொடுத்த நாலு பக்கக் குறிப்பையும் படிக்காமலேயே உறையில் போட்டு அரக்கு வைத்து பீரோவில் பூட்டிவிட்டேன். படித்தால்தானே வாய் தவறிச் சொல்ல?

கேள், பொறி எப்படிச் சிக்கியது என்று. கீரனூர்ச் சேவுகன் என்று ஒருத்தர், மகளுக்குப் பத்திரிகை அடிக்க ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நம் கடைக்குத்தான் முதலில் வந்தார். ராகு காலம். நான் கடிகாரத்தைத் தள்ளி, திரும்பி நின்று, பவ்யமாக வரிசை போட்டு ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தேன். "வீட்டுல காட்டிட்டு வாரேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், போனவர்தான். பத்து நாள் கழித்து ஒரு டீக்கடையில் அவர் வீட்டுப் பத்திரிகையைப் பார்த்தேன். தங்க எழுத்து, மயில், கீழே இன்னாசி கடையின் பேர். முதல் வரியில், மாப்பிள்ளை, முதல் வரியில், 'திரு. ஆத்மநாதன், ஓய்வு, வல்லத்திராக்கோட்டை'! டீயை அப்படியே வைத்துவிட்டேன். சாப்ட்வேரைக் களவாண்டு, பிரித்து, கைவைத்து, பூட்டில் விரல் நசுங்கி நிற்கிறான் இன்னாசி. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

கல்யாண மண்டபத்திலேயே வைத்துக் கேட்டுவிடலாம் என்று நானும் போனேன். போன இடத்தில் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. மைக்கில், "மதிப்பிற்குரிய ஐயா ஆத்மநாதன் அவர்கள் மேடைக்கு வரவும்" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். "பெரியவரு கோவிச்சுக்கிட்டாரு போலருக்கே, நேர்ல போயி அழைக்கலையோ?" என்று ஒரு குரல் எழும்பியது. உடனே இரண்டு வீட்டாரும் சேர்ந்து, பழத்தட்டு, வெற்றிலை பாக்கு, மாலை சகிதம் ஒரு காரை வல்லத்திராக்கோட்டைக்கு விரட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. இல்லாத ஆளை எங்கே போய்க் கூட்டி வருவார்கள்?

கூட்டி வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை.

ஊருக்குள் போய் ஓய்வு பெற்ற ஆத்மநாதன் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள், ஒரு வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். பேரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன்தான், ஆனால் திருமயம் பட்டியலைத்தான் பார்த்தேன். மனிதர் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங்காக இருந்து ஓய்வு பெற்றவர். சலவை வேட்டி, ஆறடி உயரம். காரை விட்டு இறங்கியதும் இரண்டு சம்பந்திகளையும் மேலும் கீழும் பார்த்து, "இப்பத்தான் நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் மேடையேறி அட்சதை போட்டு, முதல் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் மெதுவாகப் பக்கத்தில் போய், நீங்கள் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று கேட்டேன். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டு பக்கமும் வேணுங்கப்பட்டவங்கதான். பத்திரிகையில பேரு போட்டுருக்காங்க தம்பி, வராம இருந்தா மரியாதையா?" என்றார். இவர் யாருக்கும் சொந்தமில்லை என்று நான் சொன்னால் பூட்டின் ரகசியம் போய்விடும். மூடிக்கொண்டு பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளே இன்னாசி கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஒக்காருங்கய்யா. ஒங்க சாப்ட்வேரு எனக்கு எதுக்குங்க? லிஸ்ட்டு சேவுகன்தான் குடுத்தாரு, நான் மயில மட்டும்தான் சேத்தேன். எனக்கு வரிசையும் தெரியாது முறையும் தெரியாது, தெரிஞ்சாத்தான வம்பு" என்றான். என்ன நடிப்பு பார். திருடனுக்கு எப்போதும் ஒரு சேவுகன் கிடைத்துவிடுகிறான். இதையும் ஞாயிற்றுக்கிழமை நீ சுக்குநூறாக உடைக்க வேண்டும்.

நம் வீட்டுப் பத்திரிகைக்கு வருகிறேன். ஆனி பதினெட்டு முகூர்த்தம். சம்பந்தி வந்த பஸ் வழியில் நின்றுபோய், போன வெள்ளிக்கிழமை அவர் நம் கடைக்குள் காலை வைக்கும்போது மணி பத்தே முக்கால். முகம் வாடிப்போய் நின்றார். நானா விடுவேன்? ஒன்பது நாற்பதுக்குத் தள்ளிக் காட்டினேன், மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்புமொழி அடித்தாள், நான் என் சொந்த இடுப்பால் சாவி கொடுத்தேன், சம்பந்தி ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டார். அவர்களுக்கு நானூறு, நமக்கு அறுநூறு. நான் படித்துப் பார்க்கவில்லை. நம் சாப்ட்வேர் போட்ட வரிசையை நானே உட்கார்ந்து சரிபார்த்தால் அது அதற்கு அவமானம் இல்லையா? பைரவர் சந்நிதியில் ஒன்று வைத்துவிட்டு, முதல் பத்திரிகையை நேற்று நானும் உன் அத்தையும் தட்டில் வைத்துக் கீரனூருக்குக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தோம். உன் அப்பா வேலைக்குத் திருச்சி போய்விட்டார். அக்கா தட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள், காபி கொடுத்தாள், பேசவில்லை. பிரித்துப் படிக்கட்டும், மகன் பேரைப் பார்க்கட்டும், அப்புறம் பார் என்று உன் அத்தையிடம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சேர். நம் பூட்டை உடைக்க இந்த ஜில்லாவில் ஆள் பிறக்கவில்லை, உடைக்க வந்தவனும் அகப்பட்டுக்கொண்டான் என்று தலையை நிமிர்த்திச் சொல்வோம். உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல பெண்ணும், நல்ல மேனேஜரும் அமைய வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
ரெங்கசாமி

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை. மணி பார்க்கவில்லை.

நேற்றே ஒட்டிய கவரை நானே கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு வைக்க வேண்டிய பத்திரிகையை வைக்க மறந்து ஒட்டியிருந்தேன். காலையில் ஒரு கட்டைப் பிரித்து ஒன்றை உருவினேன். உன் பேரை ஒரு தடவை ஆசையாகப் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று முதல் வரியைப் படித்தேன். ஆறு பேர். நாலாவதாக, திரு. ஆத்மநாதன், ஓய்வு, வல்லத்திராக்கோட்டை. உன் பேர் இல்லை. இரண்டாவது வரியிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பெரியவர் வந்துவிட்டார், வரியில் சின்னவன் நீ, எழுந்து இடம் கொடுத்துவிட்டாய். உன் சாப்ட்வேரே உன்னைக் கொண்டுபோய் 'மற்றும் உற்றார் உறவினர்கள்' என்பதில் சேர்த்துவிட்டது.

அன்புமொழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பொங்கல்லேருந்து பதினேழு பத்திரிகையில அந்தப் பேரு வந்துச்சுங்கய்யா. பேரப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள். ஓடிப்போய் பீரோவைத் திறந்து அரக்கை உடைத்து உன் குறிப்பைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய்: 'கம்ப்யூட்டர் கடிகாரத்தை யாராவது பின்னால் தள்ளினால் சாப்ட்வேர் அதைத் திருட்டு வேலை என்றே எடுத்துக்கொள்ளும்.' பொங்கலிலிருந்து வாரா வாரம் வெள்ளிக்கிழமை என்னை நானே திருடனாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னாசி அண்ணன் எதையும் உடைக்கவில்லை. என் கடையில் ப்ரூஃப் வாங்கிக்கொண்டு போய் ஜனங்கள் அவரிடம் மயில் போட்டு அடித்திருக்கிறார்கள். மூன்று பூட்டுப் போட்டு உள்ளே இருப்பதைக் காத்தேன், அது போட்ட வரிசையை நானே மடித்து வாசலில் கொடுத்தனுப்பினேன்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா. எட்டு மாதம் கழித்து அக்கா. "ஏண்டா, யாருடா அந்த ஆத்மநாதன்? எம்மகன் எடத்துல எந்த ஊருக்காரனையோ ஒக்கார வச்சிருக்கியே, ஒனக்கு ஒடம்புல சூடு சொரணை இருக்கா?" என்று ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் திட்டினாள். நான் பிறந்ததிலிருந்து செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், உன் சாப்ட்வேர்கூட அப்படிப் போட முடியாது. நான் நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்து நின்றது, சார்ஜ் ஏற்றுகிறார்களா என்று ஒருத்தர் கேட்டது, எல்லாம் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். "நாளைக்கு வாரேன். மொதல்ல அந்தக் கவுத்த அவுத்துப் போடு" என்றாள். போனை வைத்துவிட்டு நான்தான் அழுதேன், மாப்பிள்ளை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதன் பிறகு கீரனூருக்கு பஸ் ஏறினேன். என் கம்ப்யூட்டரை நம்பி உன் பேரை மறுபடி அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னாசி அண்ணன் கடையில் போய் நின்று, ஒட்டுவதற்கு உன் பேர் போட்ட சீட்டு ஆயிரம் வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "எந்த எடத்துல ஒட்டணும்னு நீங்களே சொல்லிருங்கய்யா, அது எனக்குத் தெரியாது" என்றார். இந்தக் கடிதத்தின் பாக்கியை அவர் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவியைச் சங்கத்து மேஜை மேல் வைத்துவிடுவேன். நீ சாட்சி சொல்ல வர வேண்டாம், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாக வந்தால் போதும். வந்ததும் மூன்று பூட்டையும் எடுத்துவிடு. சீட்டை முதல் வரியில் ஏழாவதாக, கடைசிப் பேருக்குப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆத்மநாதன் பேர் மேல் ஒட்டச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் நேற்றே பழத்தட்டோடு போய் அவரைத்தான் முதலில் அழைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாராம். மாடி அறையில் உன்னோடுதான் அவருக்குப் படுக்கை போட்டிருக்கிறோம்.